பெப்பரோனி, சலாமி, பேக்கன் போட்ட பீட்ஸா: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

பெப்பரோனி, சலாமி (உலர்த்திய தொத்திறைச்சி வகைகள்), பேக்கன் (உப்பிட்ட பன்றி வயிற்றுத் துண்டு) என்று உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியைப் போட்டு வீட்டில் பீட்ஸா சுடுபவர்கள் சொல்லும் புகார்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: எண்ணெய் தேங்குகிறது, நடுவில் சொதசொதவென்று இருக்கிறது, உப்பு தூக்கலாக இருக்கிறது, இறைச்சி கருகுகிறது ஆனால் அடி வேகவில்லை. பழி எப்போதும் இறைச்சி மேல்தான் விழும். பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி அடிச்சூடு போதாததுதான். மிச்சத்தில், இறைச்சியைத் தப்பான நேரத்தில் போட்டது.

கீழே உங்கள் அறிகுறியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். செலவில்லாத காரணம் முதலில், பணம் கேட்கும் காரணம் கடைசியில். அளவுகள் எல்லாம் 30 செ.மீ. பீட்ஸாவுக்கு, 250 டிகிரி செல்சியஸ் வரை போகும் சாதாரண ஓவனுக்கு.

மேலே எண்ணெய் தேங்கி நிற்கிறது

முதலில் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு நிறமென்றால் இறைச்சியிலிருந்து வந்தது. பெப்பரோனி, சோரிஸோ (ஸ்பெயின், மெக்சிகோ பாணிக் காரத் தொத்திறைச்சி) இரண்டிலும் உள்ள பாப்ரிகா (சிவப்பு மிளகாய்ப் பொடி) கொழுப்பில் கரைந்து அந்த நிறத்தைத் தருகிறது. வெளிர் மஞ்சளாக, சீஸ் ரப்பர் மாதிரி திரண்டு அதைச் சுற்றி எண்ணெய் நின்றால், அது சீஸ் உடைந்து கக்கியது.

*ஆரஞ்சு எண்ணெய் என்றால்:* துண்டுகளை எண்ணிப் பாருங்கள். சிறிய மெல்லிய பெப்பரோனி 25, 30 துண்டுகள், அதாவது 50 முதல் 60 கிராம், ஒரு பீட்ஸாவுக்குத் தாராளம். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் துண்டுகளில் கொழுப்பு உருகும், ஈரம் போகாது, எண்ணெய் மட்டும் வழியும். இடைவெளி விட்டுப் பரப்புங்கள். அதற்குப் பிறகும் தேங்கினால், துண்டுகளை இரண்டு டிஷ்யூ பேப்பருக்கு நடுவே வைத்து மைக்ரோவேவில் 15, 20 விநாடி சூடுகாட்டி, ஒற்றி எடுத்துப் போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கொழுப்பு முழுவதையும் கறந்துவிட்டால் மிஞ்சுவது காரமான அட்டைதான்.

*மஞ்சள் எண்ணெய் என்றால்:* சீஸ் அளவுக்கு மேல் இருக்கிறது, அல்லது அளவுக்கு மேல் நேரம் ஓவனில் கிடந்திருக்கிறது. கொழுப்புள்ள இறைச்சி போடும்போது சீஸைக் குறைக்க வேண்டும். ஈரம் குறைந்த மொசரெல்லா 120 முதல் 150 கிராம் போதும். பாக்கெட்டில் துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள், அது சரியாக உருகிக் கலக்காது. கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். 12 நிமிடத்துக்கு மேல் சுட வேண்டியிருக்கிறது என்றால் சிக்கல் சீஸில் இல்லை; கீழே ‘அடி வெளுத்திருக்கிறது’ பகுதிக்குப் போங்கள்.

*எண்டூயா என்றால்:* இத்தாலியின் கலாப்ரியாவில் செய்யும் இந்த மிளகாய் சேர்த்த பன்றியிறைச்சி, ரொட்டியில் பூசும் பதத்தில் இருக்கும், பெரும்பகுதி கொழுப்பு. சாஸ் மாதிரி பூசிவிட்டு எண்ணெய் வழிகிறது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. பட்டாணி அளவு உருண்டைகளாகக் கிள்ளி வையுங்கள், மொத்தம் 30, 40 கிராம்.

வெந்து வந்த பிறகு செய்யக்கூடியது ஒன்றுதான்: கம்பி ஸ்டாண்டில் இரண்டு நிமிடம் ஆறவிட்டு, டிஷ்யூ பேப்பர் நுனியால் தேங்கிய இடத்தை மட்டும் ஒற்றுங்கள்.

பெப்பரோனி கிண்ணமாகக் குவியவில்லை

இது கோளாறே இல்லை, ஆசை. ஆனாலும் கேட்கிறார்கள்.

துண்டு சீஸுக்கு அடியில் இருந்தால் குவியாது, மேலே வையுங்கள். 1 மி.மீ. தடிமனுள்ள பாக்கெட் துண்டுகள் பெரும்பாலும் தட்டையாகவே கிடக்கும். முழு உருளையாக, தோலோடு வாங்கி, 3 மி.மீ. தடிமனில் நீங்களே வெட்டிப் பாருங்கள். சூட்டில் தோல் சுருங்கி விளிம்பை மேலே இழுக்கும். கடையில் தோலை உரித்து வெட்டிக் கொடுத்தால் இழுக்க ஆளில்லை. மேல்சூடும் வேண்டும்; கடைசி ஒன்றிரண்டு நிமிடம் கிரில் போட்டால் உதவும். இவ்வளவுக்குப் பிறகும் தட்டையாக இருந்தால், அந்த வகையே தட்டையாகக் கிடக்கச் செய்யப்பட்டது. பிராண்டை மாற்றுங்கள், ஓவனை அல்ல.

இறைச்சி கருகிக் கசக்கிறது

*அடி நன்றாக வெந்திருந்தால்:* தட்டு மேலே இருக்கிறது, ஒரு படி இறக்குங்கள். விசிறி ஓடும் ஓவனில் மெல்லிய துண்டுகளின் ஓரம் சீக்கிரம் காய்ந்து கருகும். விசிறியை நிறுத்திவிட்டு அதே சூட்டில் சுட்டுப் பாருங்கள்.

*அடி வெளுத்திருந்தால்:* அடி வேகக் காத்திருந்ததில் மேல்பகுதி கருகியிருக்கிறது. இறைச்சியை மாற்றி ஒரு பயனும் இல்லை.

*வான்கோழி, கோழி இறைச்சியில் செய்த பெப்பரோனி, பேக்கன் என்றால்:* இவற்றில் கொழுப்பு குறைவு. உருகிக் காத்துக்கொள்ள ஒன்றுமில்லாததால் நேரே காய்ந்து முறுகிவிடும். இருபுறமும் லேசாக எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் சீஸின் ஒரு பகுதியை அதன்மேல் தூவுங்கள். பன்றியிறைச்சிக்குச் சொன்ன நேரக்கணக்கை அப்படியே இதற்கு எடுக்கக் கூடாது.

கசப்பு இறைச்சியிலிருந்துதான் வருகிறதா என்பதையும் ஒரு துண்டைத் தனியே எடுத்துக் கடித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மேலே தூவிய பூண்டு, உலர்ந்த ஓரிகானோ இரண்டும் பெப்பரோனிக்கு முன்னால் கருகும். அவற்றை சாஸுக்குள் போட்டுவிட்டால் தீர்ந்தது.

ப்ரொஷூட்டோ தோல் மாதிரி ஆகிவிட்டது

ஓவனில் வைத்தீர்கள். வைக்காதீர்கள். ப்ரொஷூட்டோ, ஸ்பெக் போல மாதக்கணக்கில் உலர்த்திய, தாள் மாதிரி சீவிய பன்றித்தொடை வகைகளைப் பீட்ஸா வெளியே வந்த பிறகு கையால் கிழித்துப் போட வேண்டும். பீட்ஸாவின் சூட்டிலேயே கொழுப்பு பளபளப்பாகிவிடும், அதுதான் பதம். முறுகலாகத்தான் வேண்டும் என்றால் தனியாகத் தட்டில் வைத்து முறுக்கி, நொறுக்கித் தூவுங்கள். அளவைப் பாதியாகக் குறையுங்கள், உப்பு ஏறித் தெரியும்.

பேக்கன் நெளுநெளுவென்று, பாதி வெந்தும் வேகாமலும்

இங்கே ருசியை விடப் பாதுகாப்பு முக்கியம். பெப்பரோனி, சலாமி, ப்ரொஷூட்டோ மூன்றும் அப்படியே சாப்பிடத் தயாரானவை. சாதாரண பேக்கன் அப்படியல்ல. உப்பிட்டுப் புகையூட்டியிருந்தாலும் பச்சை இறைச்சிதான். அமெரிக்காவில் விற்கும் பான்செட்டாவிலும் (இத்தாலிய பாணிப் பன்றி வயிற்றிறைச்சி) சமைத்தே சாப்பிட வேண்டியவை உண்டு. சோரிஸோவில் ஸ்பெயின் பாணியில் உலர்த்தியது நேரே சாப்பிடலாம், மெக்சிகோ பாணியில் பச்சையாக வருவது கூடாது. பாக்கெட்டில் சமைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

எட்டு நிமிடம் 250 டிகிரியில் இருந்தால் வெந்துவிடாதா என்ற கேள்வி வரும். சீஸின் ஈரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் தடித்த பேக்கன் அந்த நேரத்தில் அவிகிறது, அவ்வளவுதான். முன்னதாகவே குளிர்ந்த வாணலியில் போட்டு, சிறு தீயில் கொழுப்பு உருகும்வரை வதக்குங்கள். ஓரம் பழுப்பாகத் தொடங்கி, ஆனால் இன்னும் வளையும் நிலையில் எடுத்து, எண்ணெயை ஒற்றிவிட்டு, துண்டுகளாக்கிப் போடுங்கள். பச்சை சோரிஸோவும் இதே வழிதான், ஆனால் அதை முழுக்க வேகவைத்துவிட்டே போட வேண்டும்.

உப்பு தாங்க முடியவில்லை

ஒரு துண்டு பீட்ஸாவில் மாவு, சாஸ், சீஸ், இறைச்சி என்று நான்கு இடத்திலிருந்து உப்பு வருகிறது. தனித்தனியாகச் சாப்பிட்டால் நான்கும் சரியாக இருக்கும். சேர்ந்தால்தான் வில்லங்கம்.

முதலில் சாஸில் உப்பை நிறுத்துங்கள். கொஞ்சமாக அல்ல, அடியோடு. டின் தக்காளியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதா என்றும் லேபிளைப் பாருங்கள். பர்மேசான், ஆலிவ், கேப்பர் (உப்பில் ஊறிய பூமொட்டு), நெத்திலி நான்கும் இறைச்சியோடு சேரவே தேவையில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்புறமும் கரித்தால், லேபிளைப் பார்த்து உப்பு குறைந்த மொசரெல்லாவுக்கு மாறுங்கள். கடைசியாகத்தான் மாவு: மாவின் எடையில் 2.5 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தால் 2 ஆக்கலாம். 1.5-க்குக் கீழே இறங்க வேண்டாம், மாவு தொளதொளவென்று ஆகி, ஈஸ்டும் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும்.

இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பெடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உப்போடு ருசியும் போகும், ஈரம் பீட்ஸாவுக்குள் வரும். சுட்டது சுட்டதுதான் என்ற நிலையில், மெல்லியதாக நறுக்கிய, வதக்காத வெங்காயமோ, சில துளி தேனோ மேலே போட்டால் கரிப்பு அடங்கும். சலாமிக்கும் தேனுக்கும் பொருத்தம் அதிகம். உப்பு சரியாக இருந்தாலும் நான் விடுவதில்லை.

நடுப்பகுதி சொதசொதவென்று இருக்கிறது

ஒரு துண்டைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

*அடி பழுப்பாக இருக்கிறது, ஆனால் சாஸுக்குக் கீழே பசை மாதிரி ஒரு படலம்:* தண்ணீர்ப் பிரச்சினை. சாஸ் 70, 80 கிராமுக்கு மேல் வேண்டாம். கரண்டியால் தேய்த்தால் அடியில் மாவு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரிய வேண்டும். டின் தக்காளியைச் சல்லடையில் வடித்துவிட்டு நசுக்குங்கள். ஈர மொசரெல்லா என்றால் கிழித்து, சல்லடையில் ஒரு மணி நேரமாவது வடியவிட்டு, டிஷ்யூவில் ஒற்றுங்கள். அப்புறம், பலரும் கவனிக்காத ஆள்: ஹாம் (பதப்படுத்திய பன்றித்தொடை). சதுரமாகச் சீவிப் பாக்கெட்டில் வரும் சமைத்த ஹாமில் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள், சூடானதும் அந்த நீர் வெளியே வரும். எண்ணெயில்லாத வாணலியில் ஒரு நிமிடம் புரட்டினால் எவ்வளவு நீர் வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். காளானும் இதே ஜாதி.

*நடுவில் மட்டும் தொய்வு, ஓரம் நன்றாக இருக்கிறது:* பொருள் எல்லாம் நடுவில் குவிந்திருக்கிறது. சீஸ் உருகும்போது எல்லாம் உள்நோக்கித்தான் நகரும். வைக்கும்போதே நடுவில் குறைவாகவும் ஓரத்தில் அதிகமாகவும் வையுங்கள். மாவை நடுவில் கண்ணாடி மாதிரி இழுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். இறைச்சி போடும் பீட்ஸாவுக்கு நடுத்தடிமன் 3 மி.மீ. இருக்கட்டும்.

*வெளியே எடுத்தபோது மொறுமொறு, ஐந்து நிமிடத்தில் ஈரம்:* தட்டையான தட்டில் வைத்ததால் ஆவி அடியில் சிக்கிக்கொண்டது. கம்பி ஸ்டாண்டில் வைத்து ஆறவிடுங்கள்.

*அடியும் வெளுப்பு:* அடுத்த பகுதி.

அடி வெளுத்திருக்கிறது, மேல்பகுதி மட்டும் வெந்திருக்கிறது

நாப்போலி பாணி விறகு அடுப்பு 430 முதல் 480 டிகிரியில் 60, 90 விநாடியில் பீட்ஸாவை முடிக்கிறது. வீட்டு ஓவனுக்கு அந்தச் சூடு கிடையாது. ஆகவே அடியில் ஏதாவது ஒன்று சூட்டைச் சேமித்து வைத்து மாவுக்குள் இறக்க வேண்டும்.

முதல் காரணம் அவசரம். ஓவன் ‘பீப்’ என்றதும் உள்ளே இருக்கும் காற்றுதான் சூடாகியிருக்கிறது. தட்டும் கல்லும் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. உச்ச சூட்டில் தட்டையும் உள்ளே வைத்து 30 நிமிடம், கல் என்றால் 45 முதல் 60 நிமிடம் காயவிடுங்கள்.

இரண்டாவது, பீட்ஸாவைக் குளிர்ந்த தட்டில் தயார்செய்து அப்படியே உள்ளே தள்ளுவது. தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே காயவைத்து, பீட்ஸாவைப் பேக்கிங் பேப்பரில் வைத்து அதன்மேல் நகர்த்துங்கள். அந்தப் பேப்பர்கள் பெரும்பாலும் 220, 230 டிகிரி வரைக்கும்தான் என்று உறையில் எழுதியிருக்கும். அதற்கு மேல் என்றால் பேப்பர் இல்லாமல் பலகையிலிருந்து நேரே தள்ளப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாவு. நாப்போலி பாணிக்காக அரைத்த மைதா வீட்டுச் சூட்டில் நிறம் பிடிக்காது. 12 சதவீதம் அளவு புரதமுள்ள ரொட்டி மாவுக்கு மாறி, 1 சதவீதம் சர்க்கரையும் 2 சதவீதம் எண்ணெயும் சேருங்கள். ஃபிரிட்ஜில் ஓரிரு நாள் புளித்த மாவும் நன்றாகச் சிவக்கும்.

இதுவரை செலவு ஒன்றுமில்லை. இனி ஓவனுக்குள் வைக்கும் ஒரு சிறு வெப்பமானி வாங்குங்கள், கல்லுக்கு முன்னால் இதைத்தான். நடுத்தட்டில் வைத்து, 200 டிகிரி போட்டு, அரை மணி கழித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று தடவை படியுங்கள். தெர்மோஸ்டாட் அணைந்து எரிவதால் முள் மேலும் கீழும் ஆடும், அது இயல்பு. சராசரி 15, 20 டிகிரி குறைவாக இருந்தால் அந்த அளவு ஏற்றி வைத்துச் சமாளிக்கலாம். 30-க்கு மேல் குறைவு என்றால் எந்தக் கல்லும் காப்பாற்றாது. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

சூடு சரியாக இருக்கிறது, அடி மட்டும் வெளுப்பு என்றால்: வீட்டில் இருக்கும் கனமான வார்ப்பிரும்பு வாணலி. அடுப்பில் நன்றாகக் காயவைத்து, மாவை உள்ளே விரித்து, சாஸ், சீஸ், இறைச்சி போட்டு, அடுப்பிலேயே இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, மேல்தட்டில் கிரிலுக்கு அடியில் தள்ளுங்கள். ஓவனின் குறையை இவ்வளவு மலிவாக மறைக்கும் வழி எனக்கு வேறு தெரியாது.

அதற்குப் பிறகுதான் பீட்ஸா கல்லோ, 6 மி.மீ. ஸ்டீல் தகடோ. தகடு கல்லைவிட வேகமாகச் சூட்டை இறக்கும். ஆனால் 35 க்கு 40 செ.மீ. தகடு 6 கிலோவுக்கு மேல் எடை வரும், கம்பித் தட்டு தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், சூடான ஓவனுக்குள் குளிர்ந்த கல்லை வைக்காதீர்கள்; வெடிக்கும். தனி பீட்ஸா அடுப்பு வாங்குவது எல்லாம் முடிந்த பிறகு.

மாவு இழுத்தால் சுருங்குகிறது, பலகையில் ஒட்டுகிறது

சுருங்கினால் மாவு குளிர்ச்சியாக இருக்கிறது, அல்லது போதுமான ஓய்வு கிடைக்கவில்லை. மூடிவைத்து 20 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி தொடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். ஒட்டினால் பலகையில் ரவை தூவுங்கள், சாஸ் ஊற்றியபின் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கவிடாதீர்கள், தள்ளுவதற்கு முன் ஒரு குலுக்கு குலுக்கி நகர்கிறதா என்று பாருங்கள்.

புகை

பேக்கன் கொழுப்பு கல்லில் சொட்டி எரிகிறது, அல்லது போன தடவை சிந்திய சீஸ் எரிகிறது. ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளியே இறைச்சியை வையுங்கள். கல் எண்ணெயைக் குடித்திருந்தால் சில சூட்டுக்குப் புகையும், அப்புறம் நிற்கும். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். ஓவனை அணைத்து, கதவை மூடியபடியே விடுங்கள், காற்றில்லாமல் தானாக அடங்கும். அடங்கவில்லை என்றால் வீட்டைவிட்டு வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

இறைச்சி கெட்டுவிட்டதா என்று சந்தேகம்

சீவிய ஹாமின் மேல் பச்சை, ஊதா என்று வானவில் மினுமினுப்பு தெரிந்தால் அது வெளிச்சம் சிதறுவது, கெட்டதற்கு அடையாளமல்ல. ப்ரொஷூட்டோவில் வெள்ளைப் புள்ளிகள் பல்லில் மணல்போல நெறித்தால், நாளாகப் பதப்பட்டதில் உருவாகும் டைரோசின் (புரதத்தின் ஒரு கூறு) படிகம், சாப்பிடலாம். முழு சலாமியின் தோலில் வெள்ளைத் தூள் போன்ற பூஞ்சை, வேண்டுமென்றே வளர்த்தது. தோலோடு உரித்துவிடுங்கள்.

பச்சையோ கறுப்போ பஞ்சுபோல வளர்ந்திருந்தாலும், தொட்டால் பிசுபிசுத்தாலும், புளித்த நாற்றமோ ஊசிப்போன கொழுப்பு வாடையோ வந்தாலும் குப்பைக்குத்தான். சுட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

வெப்பமானி 30 டிகிரிக்கு மேல் குறைவு காட்டும்போது, முதலில் நீங்களே இரண்டைப் பார்க்கலாம். ஓவன் ஆறியிருக்கும்போது கதவின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஒரு தாளை இடுக்கி மூடினால் எளிதாக உருவ வருகிறதா என்று சுற்றிலும் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் காயிலில் கொப்புளமோ வெடிப்போ இருக்கிறதா பாருங்கள். ரப்பரைப் பல மாடல்களில் நீங்களே மாற்றலாம். காயில், சென்சார், தெர்மோஸ்டாட் மூன்றும் மின்சாரம் தெரிந்தவர் வேலை.

ஓவன் போட்டதும் பிரேக்கர் விழுகிறது என்றால் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். காயிலுக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம், கசிவும் இருக்கலாம். ஓவனின் உடலைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தால் பிளக்கைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கேஸ் ஓவனில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, பற்றிக்கொள்ளத் தாமதமாகி ‘டப்’ என்ற சத்தத்தோடு எரிந்தாலோ அன்றைக்குப் பீட்ஸா கிடையாது. கேஸ் வாடை வந்தால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய்க் கேஸ் அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

மெக்கானிக்கிடம் ‘பீட்ஸா சரியாக வரவில்லை’ என்று சொன்னால் ஓவன் எரிகிறதே என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண், நீங்கள் வைத்த சூடு, வெப்பமானியில் படித்த மூன்று எண்கள், கீழ்க்காயில் சிவக்கிறதா இல்லையா: இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். சிவக்கவில்லை என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டால் காயிலோடு வருவார், வருகைக் கட்டணம் ஒரு தடவையோடு போகும்.